சாப்டீங்களா தம்பி?

அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தது ஐந்து பேர். ட்ரெட்மில் மேல் சட்டை இல்லாமல், நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டிக்கொண்டு, பாய். அவர் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்ற பிலிப்பினோ தாதி. திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேகத்தைக் கூட்டுகிற சீனப் பெண். கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற டாக்டர், அவரும் சீனர், சின்ன வயது. ஐந்தாவது ஆள் நான்.

நான் உள்ளே இருக்க வேண்டியவனே இல்லை. பாய்க்கு ஆங்கிலம் வராது. தமிழ் பேசுகிற தாதிக்கு அன்று விடுமுறை. அதனால் வெளியே உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். செகண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் ஆங்கிலம் வேன் ஓட்டவும் கார்பார்க்கில் சண்டை போடவும் போதும். ஒரு மனிதரின் நெஞ்சு வலியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூக்கிக்கொண்டு போகப் போதுமா என்று எனக்கே பயமாக இருந்தது. பயம் எனக்குப் புதிது இல்லை, அது வேறு விஷயம்.

பாயும் நானும் உறவு இல்லை, ஒரே ஊரும் இல்லை. அவர் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், இருபது வயதில் இங்கே வந்து நிரந்தரவாசியாகிப் போனவர். நான் இங்கேயே பிறந்தவன். தேக்காவில் ஒரு கார்கோ கடையில் இருவரும் வேலை. ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கப்பல் பட்டறைப் பையன்கள், கட்டுமான வேலைப் பையன்கள் எல்லாம் பால்மாவும் தைலமும் சாக்லேட்டும் போர்வையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். பாய் அதையெல்லாம் அடுக்கிப் பெட்டி கட்டுவார். நான் வேனில் ஏற்றிக்கொண்டு போவேன். வேலை அவ்வளவுதான்.

வீடும் ஒன்றுதான். ஜாலான் புசார் பக்கம் அரசாங்க வாடகை வீடு, ஒற்றை அறை. தனி ஆளுக்குத் தர மாட்டார்கள், துணையில்லாத இரண்டு பேர் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டாள். பாயின் மனைவி உலகத்தையே விட்டுப் போய்விட்டார். ஆக நாங்கள் இரண்டு பேர். நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு கைலித் துணி. ஜன்னல் என் பக்கம், ஃபேன் அவர் பக்கம். ஏழு வருஷம் அந்தத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல்கூட நான் கேட்டதில்லை. இருமல் வந்தால் எழுந்து வெளியே காரிடாருக்குப் போய் இருமிவிட்டு வருவார்.

அவர் குணம் அதுதான். தன்னுடைய எதுவும் இன்னொருவர் மேல் பட்டுவிடக் கூடாது. "என்ன பாய், உடம்பு சரியில்லையா?" என்றால் "ஒண்ணுமில்ல தம்பி." "முதலாளி திட்டிட்டாரா?" "ஒண்ணுமில்ல தம்பி." காய்ச்சலில் கண் சிவந்து கிடக்கும்போதும் அதே ஒண்ணுமில்ல. பெட்டி கட்டும்போது மட்டும் கொஞ்சம் பேசுவார். ஒரு பையன் இருபது கிலோவை ஒரே பெட்டியில் திணிக்கச் சொன்னால் இரண்டாகப் பிரித்துக் கட்டுவார். "கட்டுறது நாம, சுமக்குறது அங்க அவங்க அம்மா. கனம் தெரியாமக் கட்டக்கூடாது."

நான் அவருக்கு நேர் எதிர். எனக்குக் கழுத்தில் சுளுக்கு என்றால் தேக்கா முழுக்கத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், கேஸை அணைத்தோமா என்று திரும்பி வருவேன். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருப்பேன். பாலிகிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும் சிரிக்கும். நெஞ்சு படபடப்பு என்று சொல்லிச் சொல்லி இதே ட்ரெட்மில்லில் நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். நாலாவது நிமிஷமே "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்தி, இறங்கி, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, அங்கிள் தினமும் கொஞ்சம் நடந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு பாயிடம் சொன்னபோது துணிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "வராத பஸ்ஸுக்கு ஏன் தம்பி கையக் காட்டிக்கிட்டே நிக்கிறீங்க?"

பாயைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளவே எனக்குச் சில வருஷம் ஆனது.

முதல் தடவை, பிளாஸ்டிக் பட்டை இறுக்குகிற கருவியில் அவர் விரல் மாட்டியது. நாங்கள் இருவரும் அப்போதுதான் ஒரே மேசையில் பரோட்டா தின்றுவிட்டு வந்திருந்தோம். நான் வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல்:

"தம்பி, சாப்டீங்களா?"

"என்ன பாய், இப்பத்தான சேர்ந்து தின்னோம்!"

"ஆமா, ஆமா," என்றார். சாயங்காலம் கைக்குட்டையை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். நகம் இல்லை.

இரண்டாவது தடவை, அவர் தம்பி ஊரில் இறந்துபோன நாள். எங்களுக்கு யாருக்கும் தெரியாது. அன்று மட்டும் வழக்கத்தைவிட அதிகப் பெட்டிகள் கட்டினார். பக்கத்தில் போன் உறை விற்கிற சீன ஆன்ட்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உன் ஃப்ரெண்டு இன்னிக்கு என்ன லா? மூணு வாட்டி வந்து 'சுடா மாக்கான்?' 'சுடா மாக்கான்?'னு கேக்குறார். நான் அவர் கண்ணு முன்னாலதான் நூடுல்ஸ் சாப்பிடுறேன்!" என்றார். 'சுடா மாக்கான்' என்றால் சாப்பிட்டாயா; பாய் தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் அதைத்தான் முதலில் கற்றிருந்தார். மறுநாள் ஊரிலிருந்து வந்த வேறொரு பையன் சொல்லித்தான் சாவு விஷயம் தெரிந்தது.

அப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவலைப்படுகிறவனுக்குக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரண நாளில் பாய் யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டார், கேட்காமலே தட்டில் வைத்துவிடுவார். எங்காவது வலித்தால்தான் கேட்பார். அதுவும் எதிரில் இருப்பவன் தின்றுகொண்டிருந்தாலும் கேட்பார்.

ஒரு நாள் எங்கள் பிளாக்கில் லிஃப்ட் ரிப்பேர். நாலாவது மாடி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் பாய் நின்றுவிட்டார். சுவரில் ஒட்டிய நோட்டீஸை ரொம்ப அக்கறையாகப் படித்தார். அது ஆங்கில நோட்டீஸ்.

"பாய்?"

"ஒண்ணுமில்ல. தம்பி, நீங்க சாப்டீங்களா?"

அன்று இரவு முழுக்க துணிக்கு அந்தப் பக்கம் மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் கெஞ்சினேன். நகரவில்லை. கடைசியில், "எனக்கு பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட் இருக்கு பாய், தனியாப் போக பயமா இருக்கு" என்று பொய் சொன்னேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்காக என்றால் எங்கேயும் வருவார். உள்ளே போனதும் நான் டாக்டர் அம்மாவிடம் அவரைக் கைகாட்டினேன். படுக்கவைத்து எடுத்த இசிஜியில் ஒன்றும் இல்லை. "பாத்தீங்களா?" என்று பாய் என்னைப் பார்த்தார். டாக்டர் அம்மா மட்டும் அந்தப் படிக்கட்டைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ட்ரெட்மில் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். "தம்பி மனசு ஆறட்டும்னுதான் வர்றேன்" என்றார் பாய்.

டெஸ்ட் அன்று நான் டாக்ஸி பிடித்தேன். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டர் நின்றுபோனால் என்ன செய்வது? காலை நெரிசல். மீட்டர் பதினாறு வெள்ளி நாற்பது காசு காட்டியது. பாய் வெள்ளி நோட்டை எடுப்பதற்குள் நான் போனைத் தட்டிக் கட்டிவிட்டேன். அவருக்கு முகமே வாடிப்போனது. "வீட்டுக்குப் போனதும் தர்றேன் தம்பி. மறக்க மாட்டேன்." அவர் யாரிடமும் ஒரு காசு கடன் வைத்ததில்லை. கோப்பி வாங்கிக் கொடுத்தால் மறுநாள் எனக்கு முன்னால் வந்து கோப்பி நிற்கும்.

டெஸ்டுக்கு முன்னால் அவர் எதுவும் சாப்பிடக் கூடாது. பதற்றம் வந்தால் பசி வருகிற ஜாதி நான். கீழே உணவுக் கடையில் அவர் எதிரில் உட்கார்ந்தே ஒரு தட்டு பீஹூன் நூடுல்ஸ், இரண்டு வடை, ஒரு கப் மைலோ முடித்தேன். பாய் மேசையில் சிந்தியதைத் துடைத்தார்.

இனி அந்த அறை.

முதல் மூன்று நிமிஷம் அவர் கடற்கரையில் உலாவப் போகிறவர் மாதிரி நடந்தார். சீனப் பெண் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டியது. "அங்கிள், ஓக்கே ஆ? பெயின் காட் ஆ?" நான் தமிழில் கேட்டேன். "ஒண்ணுமில்ல." நான் திருப்பிச் சொன்னேன், "நோ பெயின்." மறுபடி கூட்டியது. மறுபடி "ஒண்ணுமில்ல." எனக்குக் கையெல்லாம் வியர்வை. பாயின் முதுகில்கூட அவ்வளவு வியர்வை இல்லை.

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய டெஸ்டுக்குப் பிறகு அந்தக் கோடுகளைப் போனில் பார்த்துப் பார்த்துப் பயந்தவன் நான். பாயின் கோடு ஊசி ஊசியாக, ஒல்லியாக, வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. வேகம் மூன்றாவது முறை கூடியது. திடீரென்று ஊசி காணாமல் போனது. அந்த இடத்தில் அகலமாக, நடுவில் பள்ளம் விழுந்த, கொம்பு முளைத்த மாதிரி ஒன்று. அடுத்ததும் அதே. அடுத்ததும் அதே. தெருவில் போன ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு ஆட்களாக மாறிவிட்டது போல.

டாக்டர் கையைப் பிரித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். அவர் வேகமாகச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. இதயத்துக்குள் துடிக்கச் சொல்லும் மின்சாரம் இறங்க இடது பக்கம் ஒரு பாதை, வலது பக்கம் ஒரு பாதை. வேகம் ஏறினதும் இடது பாதை மூடிக்கொண்டது. இப்போது மின்சாரம் வலது பக்கமாகப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. ரோட்டில் ஒரு லேனை அடைத்தால் என் வேன் எப்படி வருமோ அப்படி, வந்து சேரும், ஆனால் தாமதமாக. சிலருக்கு இது சும்மா வரும், ஒன்றும் செய்யாது. சிலருக்கு ரத்தம் போதாமல் வரும். இரண்டில் எது என்று இனிமேல் இந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோடு கலைந்துவிட்டது.

"ஸோ நௌ, அங்கிள் மஸ்ட் டெல் மீ," என்றார் என்னைப் பார்த்து. "ஆஸ்க் ஹிம் ப்ராப்பர்லி. செஸ்ட் பெயின், டைட், ஹெவி, எனிதிங்."

இனி மெஷின் சொல்லாது, பாய்தான் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு யாரைக் கேட்டாலும் பரவாயில்லை.

"பாய்," என்றேன். எழுந்து நின்றிருந்தேன். "பாய், இது விளையாட்டு இல்ல. நெஞ்சுல வலி இருக்கா? இறுக்கமா இருக்கா? கனமா இருக்கா? எதுனாலும் சொல்லுங்க. மெஷினுக்குத் தெரியல. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கால் தடுமாறவில்லை. முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார். டாக்டர் என் வாயைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் லேசாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சாப்டீங்களா தம்பி?"

நான் தின்ற பீஹூனைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர்.

"ஸ்டாப்!" என்று கத்தினேன். "ஸ்டாப், ஸ்டாப்! ஹீ காட் பெயின்! வெரி பெயின்!"

டாக்டர் ஒரு நொடி பாயைப் பார்த்தார், ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவர் என் பேச்சை ஏன் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையைத் தூக்கினார். பெல்ட் நின்றது. தாதியும் அவருமாகப் பாயைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நாக்குக்கு அடியில் மருந்து அடித்தார்கள். கொம்பு முளைத்த கோடுகள் உடனே போகவில்லை. துடிப்பு எந்த வேகத்தில் ஏறியபோது வந்தனவோ அந்த வேகத்துக்கு இறங்கியும் போகவில்லை. அதற்கும் கீழே, ரொம்பக் கீழே இறங்கிய பிறகுதான், போகட்டும் என்பது போல ஊசிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஏன் தம்பி அப்படிக் கத்துனீங்க?" என்றார் பாய் மெல்ல. "அந்தப் புள்ள பயந்துருச்சு பாருங்க."

"வலிச்சுதா இல்லையா? அதச் சொல்லுங்க."

கூரையைப் பார்த்தார். "கொஞ்சம் கனமா இருந்துச்சு."

அன்று அவரை வீட்டுக்கு விடவில்லை. மறுநாள் குழாய் விட்டுப் பார்த்ததில் முக்கியமான ரத்தக்குழாய் ஏறக்குறைய அடைத்துப் போயிருந்தது. சின்ன வளையம் ஒன்றை வைத்துத் திறந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரைக் கேட்டேன். டாக்டர் என் தோளைத் தட்டினார்.

வார்டில் அவருக்குக் கஞ்சி வந்தது. கரண்டியை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

சொன்னேன். விரல் நகம், தம்பி சாவு, படிக்கட்டு, எல்லாம்.

"என் வீட்டுக்காரிதான் அப்படி," என்றார். "ஆறு மாசம் போன் போட்டேன். என்னம்மா உடம்புக்குன்னா ஒண்ணுமில்ல, நீங்க சாப்டீங்களான்னு கேப்பா. நானும் சாப்டேன் சாப்டேன்னு சொல்லி வச்சிருவேன். கடைசியில அவ மையத்த அடக்கத்தான் போய்ச் சேந்தேன்." கஞ்சியைக் கலக்கினார். "அவ கேட்டதே எனக்கும் தொத்திக்கிச்சு போல."

அதற்குப் பிறகு பெட்டி தூக்குகிற வேலை அவருக்கு ஆகாது என்றார்கள். ஊரில் இருக்கும் அவர் மகள் அங்கேயே வரச் சொல்லிவிட்டாள். சாங்கி விமான நிலையத்தில் அவர் மறுபடியும் ஒரு இருபது வெள்ளி நோட்டை நீட்டினார். "டாக்ஸிக் காசு தம்பி." "சில்லறை இல்ல பாய். அப்புறம் குடுங்க." "மிச்சத்த வச்சுக்கங்க." "அது எப்படி? கணக்கு கணக்குதான்." அவர் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்த விதத்திலேயே தெரிந்தது, அது அவருக்கு எவ்வளவு உறுத்துகிறது என்று. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். கடன் இருந்தால் கூப்பிடுவார்.

கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில். வீட்டில் கைலித் துணிக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவர் வந்துவிட்டார், நன்றாகவே குறட்டை விடுவார். நான் காரிடாருக்குப் போய் நின்று பேசுவேன்.

"அந்த டாக்ஸிக் காசு தம்பி..."

"வந்து குடுங்க பாய்."

ஒரு வெள்ளிக்கிழமை ஒரே பேச்சில் மூன்று தடவை கேட்டார், சாப்டீங்களா தம்பி, சாப்டீங்களா தம்பி என்று. போனை வைத்ததும் மகளைக் கூப்பிட்டேன். "வாப்பாவ இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா." "ஏன் மாமா? நல்லாத்தானே இருக்காங்க." "என்னயச் சாப்டீங்களான்னு கேட்டாரும்மா." அந்தப் பெண் சிரித்தது. நான் விஷயத்தை விளக்கினேன். சிரிப்பு நின்றது. கூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு அடைப்பு; நல்ல வேளை, அதையும் திறந்தார்கள்.

அடுத்த வாரம் பாய் கூப்பிட்டார். "உங்ககிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது போலருக்கே தம்பி. புள்ளய அலைய விட்டுட்டீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதோடு நிறுத்திவிட்டார். அந்தக் கேள்வியை அப்புறம் அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலே பேசினோம். மழை பெய்கிறதா என்பார், தேக்காவில் மீன் என்ன விலை என்பார், வேனுக்கு டயர் மாற்றினீர்களா என்பார். டாக்ஸிக் காசைப் பற்றிக் கேட்பார். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருப்பேன். மூச்சு வாங்குகிறதா, குரல் இறங்குகிறதா என்று கேட்பேன். ஒன்றும் தெரியாது. என்னிடம் இருந்த ஒரே திரையையும் அணைத்துவிட்டார்.

மகள் கூப்பிட்டது காலையில். நான் வேனை நிறுத்தினேன்.

"மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போனேன்..." அழுதாள். "நேத்து எங்ககூட நல்லாத்தான் இருந்தாங்க. ஒண்ணுமே சொல்லல."

"உங்கள்ல யாரையாவது சாப்டியான்னு கேட்டாராம்மா?"

பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது. நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டது.

"இல்ல மாமா. யாரையும் கேக்கல."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அடக்குறதுக்கு முன்னாடி கேக்கணும் மாமா, எங்க வழக்கம். வாப்பா அங்க யாருக்காச்சும் கடன்பட்டிருந்தா சொல்லுங்க, நாங்க குடுத்துடுறோம். கடனோட அனுப்பக்கூடாது. உங்களுக்கு ஏதாச்சும் தரணுமா?"

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தேன்.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன்.

பதினாறு வெள்ளி நாற்பது காசு.